கியர்க் குமிழின் எடையும் ஓட்டுநரின் கைப்பதமும்

கையால் கியர் மாற்றும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவோர் முதலில் மாற்ற விரும்பும் உறுப்புகளுள் ஒன்று கியர்க் குமிழ். எஞ்சினைத் தொடுவதைக் காட்டிலும் செலவு குறைவு. பெரும்பாலும் கழற்றி மாட்டப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. ஓட்டும்போது கை ஓயாமல் நாடுவதும் அதைத்தான். சந்தையில் அரைக் கிலோ எடையுள்ள எஃகுக் குமிழ்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தினால் கியர் தானாகவே வழுக்கிக்கொண்டு விழும் என்பது ஒரு தரப்பின் நம்பிக்கை. எல்லாம் வெறும் பகட்டு என்பது மறுதரப்பின் ஏளனம். இரு தரப்பும் பாதி உண்மையையே சொல்கின்றன. எடைக்கு ஒரு வேலை உண்டு. ஆனால் அந்த வேலைக்கு எல்லையும் உண்டு. அந்த எல்லை எங்கே முடிகிறது என்பதை அறியாமல் குமிழைத் தேர்ந்தெடுப்பது, மலைச்சாலைகள் நிறைந்த சித்தூர், திருப்பதி போன்ற வட்டாரங்களில், வெறும் அலங்காரப் பிழையாக நின்றுவிடாது.

எடை என்ன செய்கிறது என்பதை நிலைமத்தைக் கொண்டே விளக்கலாம். கியர்த் தண்டு ஒரு நெம்புகோல். அதன் உச்சியில் இருக்கும் பொருளின் நிலைமத் திருப்புத்திறன், தாங்குபுள்ளியிலிருந்து அதன் தொலைவின் இருமடிக்கு ஏற்ப வளரும். ஆகவே தண்டின் அடியில் சேர்க்கும் நூறு கிராமைவிட உச்சியில் சேர்க்கும் நூறு கிராமுக்கு மதிப்பு மிகுதி. கை தள்ளத் தொடங்கும்போது கனமான குமிழ் உந்தத்தைச் சேர்த்துக்கொள்கிறது; கியர்ப்பெட்டிக்குள் தடை வரும் கணத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. கைக்கு எட்டும் சிறு நெருடல்கள் மழுங்குகின்றன. அசைவு ஒரே சீராகத் தோன்றுகிறது. இதைத்தான் ஓட்டுநர்கள் மென்மை என்கிறார்கள். அது பிரமை அன்று, இயற்பியல்தான்.

எவ்வளவு உதவி என்பதே அடுத்த கேள்வி. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடலாம். கை 30 நியூட்டன் விசையுடன் குமிழை 6 சென்டிமீட்டர் நகர்த்துவதாகக் கொண்டால், அது செய்யும் வேலை 1.8 ஜூல். அரைக் கிலோ குமிழ் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகரும்போது அதில் தேங்கும் இயக்க ஆற்றல் 0.25 ஜூல்; நூறு கிராம் குமிழில் 0.05 ஜூல். மொத்த வேலையில் ஏழில் ஒரு பங்கை மட்டுமே அரைக் கிலோ எஃகு தேக்கி வைக்கிறது. அதுவும் இலவசமாக வருவதில்லை. அசைவின் தொடக்கத்தில் அதே கையிடமிருந்து பெற்ற கடன் அது. குமிழ் ஆற்றலை உண்டாக்குவதில்லை; அதன் வரவை நேரப்படுத்துகிறது.

கியர் விழுவதைத் தீர்மானிப்பது உண்மையில் சிங்க்ரோனைசர். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பாகங்களைக் கூம்பு வடிவ உராய்வுப் பரப்பின் வழியே ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அதன் பணி. அதற்குச் சிறு கால அவகாசம் தேவை. கனத்தின் உந்தத்தை நம்பி அந்த அவகாசத்தைப் பறித்தால் தேய்வது சிங்க்ரோனைசரே. நான்காம் கியருக்குப் போக வேண்டிய தண்டு இரண்டாம் கியரில் விழுந்து எஞ்சின் தாங்கும் சுழற்சியைக் கடந்துவிடும் விபத்தையும் எடை தடுக்காது. தவறான பாதையில் போகும் தண்டுக்கும் அதே உந்தம் துணை நிற்கும்.

இங்குதான் கனமான குமிழின் பெருங்குறை இருக்கிறது: அது நோயை மறைக்கும். தண்டின் அடியிலுள்ள புஷ் தேய்ந்திருக்கலாம், கேபிள் இறுகியிருக்கலாம், கியர் எண்ணெய் கெட்டிருக்கலாம், கிளட்ச் முழுதாக விடுபடாமல் இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் கையில் நெருடலாகவே முதலில் தெரியும். அந்த நெருடலைச் சரிசெய்யாமல் மேலே கனத்தை ஏற்றுவது, வலிக்குக் காரணம் தேடாமல் மரத்துப்போகும் மருந்து பூசுவது போன்றது. புஷ்ஷை மாற்றி, எண்ணெயைப் புதுப்பித்து, கிளட்ச்சைச் சரிபார்த்த பின்னும் மாற்றம் தேவைப்பட்டால் மட்டுமே குமிழைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

உற்பத்தியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். எஞ்சின் குறுக்காக அமைந்த கார்கள் பலவற்றில், கியர்ப்பெட்டியின் மேலுள்ள தேர்வு நெம்பிலேயே நிலைமத்துக்கென ஓர் உலோகக் கட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதாவது, எடை கூட்டும் வித்தை ஏற்கெனவே ஒருமுறை கணக்கிட்டுச் செய்யப்பட்டுவிட்டது. ஹோண்டாவின் வரலாறு இன்னும் தெளிவான பாடம். 1992-இன் என்எஸ்எக்ஸ் டைப் ஆர், 1995-இன் இன்டெக்ரா டைப் ஆர் ஆகியவற்றில் அந்நிறுவனம் டைட்டேனியக் குமிழைத் தந்தது. 2020-ஆம் ஆண்டின் சிவிக் டைப் ஆர் காரில் குமிழின் வடிவத்தைக் கண்ணீர்த் துளி போல மாற்றி, உள்ளே ஓர் எதிரெடையை வைத்தது. அந்த எதிரெடை 90 கிராம். இத்தகைய கார்களையே பல தலைமுறைகளாகச் செய்துவந்த ஒரு நிறுவனம் போதுமெனக் கண்ட அளவு அது. அரைக் கிலோவைக் கூவி விற்போர் அந்த எண்ணை நினைவில் கொள்வது நல்லது.

இனி, சாலை. திருப்பதியிலிருந்து திருமலைக்குச் செல்ல இரு மலைப்பாதைகள் உள்ளன. 1944-இல் திறக்கப்பட்ட முதற்பாதை இன்று இறங்குவதற்கு மட்டும். 1974-இல் முடிந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கு மட்டும். பழைய பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். திருப்பதி–மதனப்பள்ளிச் சாலையில் பாக்கராப்பேட்டைக் கணவாய், சித்தூர்–பலமனேர் சாலையில் மொகிலிக் கணவாய் என்று வட்டாரமெங்கும் இறக்கங்கள் உள்ளன. இவ்விறக்கங்களில் காரைக் கட்டுப்படுத்த வேண்டியது முதலில் எஞ்சினின் இழுப்பே. இரண்டாம் கியரில் இறங்கினால் பிரேக் குளிர்ந்திருக்கும். தொடர்ந்து பிரேக்கை மட்டும் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

பெரும்பாலான கார்களில் இரண்டாம் கியர் என்பது தண்டு பின்னால் சாய்ந்திருக்கும் நிலை. பிரேக் பிடிக்கும்போது காரிலுள்ள எல்லாப் பொருள்களையும் போலக் குமிழும் முன்னோக்கிச் செல்ல முற்படும். வலுவான பிரேக்கில் வேகக்குறைவு நொடிக்கு நொடி 8 மீட்டர் என்று கொண்டால், அரைக் கிலோ குமிழ் சுமார் 4 நியூட்டன் விசையுடன் தண்டை நடுநிலை நோக்கி இழுக்கும். நல்ல நிலையிலுள்ள கியர்ப்பெட்டியில் இது ஒன்றுமே இல்லை. சுருள்வில் அழுத்தும் சிறு குண்டு தண்டைப் பள்ளத்தில் உறுதியாகப் பிடித்திருக்கும், பற்களின் சரிவும் கியரை உள்ளே இழுத்து நிறுத்தும். அவை தேய்ந்துபோன பழைய பெட்டியிலோ, குண்டும் குழியுமான வளைவில் அதிர்வும் சேரும்போது, அந்த 4 நியூட்டன் கழுதையின் முதுகில் வைத்த கடைசிச் சுமையாகலாம். இறக்கத்தின் நடுவே கியர் நழுவினால் எஞ்சினின் இழுப்பு அக்கணமே அற்றுப்போகும். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் புதுப்பிப்போர் கனத்தை விரும்புவது இயல்பு. கனம் மிகக் கெடுதலாவதும் அத்தகைய கார்களுக்கே.

திருமலைப் பாதை பந்தயத் தளம் அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே மிக விரைவாக இறங்கி வந்தால் நேரக் கணக்கில் பிடிபடுவார்கள். வேகமான கியர் மாற்றத்தைச் சோதிக்க விரும்புவோருக்கு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் இருக்கிறது. மலைப்பாதை சோதிப்பது வேகத்தை அன்று, நிதானத்தை.

பொருளின் தேர்வும் இவ்வட்டாரத்தின் வெயிலைக் கேட்டே நடக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையின் கன அளவு சுமார் 65 கன சென்டிமீட்டர். திருகுத் துளையைக் கழிக்காமல் பார்த்தால், பித்தளையில் அது ஏறத்தாழ 555 கிராம், துருவேறா எஃகில் 520, டைட்டேனியத்தில் 295, அலுமினியத்தில் 177, கடினப் பிளாஸ்டிக்கில் 90. கோடையில் 40 டிகிரி செல்சியசைக் கடக்கும் திருப்பதியில், வெயிலில் நிறுத்திய காரின் எஃகுக் குமிழைத் தொட்டால் கை சுடும். உலோகம் தன் வெப்பத்தைத் தோலுக்கு விரைவாகக் கடத்துவதே காரணம். பிளாஸ்டிக்கும் மரமும் அதே வெப்பநிலையில் இருந்தாலும் மெதுவாகவே கடத்தும். சுட்ட கை தயங்கும். தயங்கும் கை கியரைப் பாதியில் விடும்.

எனவே உள்ளே உலோகமும் வெளியே மரமோ தோலோ கொண்ட குமிழே இங்கு ஏற்றது. திருப்பதிக்கு அருகிலுள்ள மாதவமாலா மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். செம்மர மரப்பாச்சி பல தமிழ் வீடுகளின் கொலுப்படியில் இன்றும் நிற்கிறது. உள்ளே பித்தளைக் கூடு வைத்து, வெளியே நன்கு உலர்ந்த மரம் போர்த்திய 200 கிராம் குமிழைச் செய்துதர இவ்வட்டாரத்து லேத் பட்டறைக்கும் மரக்கடைசல்காரருக்கும் திறமை உண்டு. செம்மரம் மட்டும் வேண்டா. சேஷாசலக் காடுகளில் வளரும் அம்மரத்தின் வணிகம் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளது. தேக்கோ ஈட்டியோ போதும்.

செய்யச் சொல்லும் முன் திருகு மரையை அளந்துகொள்ள வேண்டும். ஹோண்டா தண்டுகளில் பொதுவாக 10 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 இடைவெளியும், நிசான், மாஸ்டா தண்டுகளில் அதே விட்டத்துக்கு 1.25 இடைவெளி. ஒன்றை மற்றொன்றில் வலிந்து திருகினால் மரை கெடும்; பின்னர் ஓட்டத்தின் நடுவே குமிழ் கையோடு வரும். பின்னோக்கு கியருக்காகக் குமிழின் கீழே வளையத்தை உயர்த்தும் அமைப்புள்ள கார்களில், புதிய குமிழ் அந்த வளையத்துக்கு இடம் விடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

1989-இல் ஃபெராரி தன் ஃபார்முலா 1 காரில் ஸ்டியரிங்கின் பின்னால் கியர் நெம்புகளை வைத்தபோதே கையால் மாற்றும் கியரின் வேக மேன்மை முடிந்துவிட்டது. பின்னும் அது வாழ்வது வேகத்துக்காக அன்று, கைப்பதத்துக்காக. மண்ணின் பதத்தைக் குயவர் விரலால் அறிவது போல, எஞ்சினின் நிலையை ஓட்டுநர் உள்ளங்கையால் அறிகிறார். ஆனால் பொறியியல் வகுப்புகளில் இந்தப் பதத்துக்கு இடமில்லை. அது அகவயமானது என்று ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கப்பட்ட இடத்தை விளம்பரம் நிரப்பிக்கொள்கிறது. ஒரு சுருள்வில் தராசைத் தண்டில் கட்டி இழுத்து, நூறு, இருநூறு, ஐந்நூறு கிராம் குமிழ்களுக்கான உச்ச விசையைப் பதிந்து, ஓட்டுபவரிடம் எடையைச் சொல்லாமல் அவர் உணர்வைக் கேட்டெழுதினால், ஓர் இளங்கலைப் பொறியியல் மாணவருக்கு அதுவே நல்ல ஆய்வேடு. திருப்பதியில் அதற்கான பல்கலைக்கழகமும் உண்டு, ஐஐடியும் உண்டு, அருகிலேயே மலையும் உண்டு.

அதுவரை கொள்ளத்தக்க நெறி எளிது. முதலில் பழுது நீக்குக. பின்னர், கூடுதலாக நூறு கிராம் அளவில் தொடங்குக. கையைச் சுடாத பொருளைத் தேர்க. இறக்கத்தில் கியர் நிற்கிறதா என்று மெதுவாகச் சென்று பார்த்த பின்னரே அதற்கு மேல் எடையேற்றுக. கையின் தேர்ச்சியைக் குமிழின் கனம் தந்துவிடாது. தேர்ந்த கைக்குக் கேட்க வேண்டியதை அது மறைக்காமல் இருந்தாலே போதும்.