விமானம் ரத்தானால் யாருக்குத் தகவல்?

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை ஆண்டுதோறும் இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சில மணி நேரம் மூடப்படுகிறது. பத்மநாபசுவாமி ஆலயத்தின் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதே காரணம். அன்று விமானங்களின் நேரம் மாற்றப்படுகிறது. ஆயினும் பயணிகள் தவிப்பதில்லை. நாளும் நேரமும் முன்னதாகவே அறிவிக்கப்படுவதால் அதற்கேற்பப் புறப்பட்டு வருகிறார்கள். தாமதத்தைவிடத் தகவல் இல்லாமையே பயணியை அதிகம் வதைக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2024 மே 7-ஆம் தேதி இரவு தொடங்கி நடந்தது இதற்கு நேர்மாறானது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் விமானப் பணியாளர்கள் பெருமளவில் ஒரே சமயத்தில் மருத்துவ விடுப்பு எடுத்தனர். எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. வளைகுடா செல்ல வந்தவர்கள் கேரள விமான நிலையங்களில் பெட்டிகளுடன் திகைத்து நின்றனர். மஸ்கட்டில் நோயுற்றுக் கிடந்த கணவரைக் காணப் புறப்பட்ட திருவனந்தபுரத்துப் பெண் ஒருவர் போக முடியாமல் திரும்பினார். சில நாட்களில் கணவர் இறந்த செய்திதான் வந்தது. எந்த நஷ்ட ஈடும் அந்த இழப்பை ஈடு செய்யாது.

1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது கேரளத்தோடு நின்றுவிட்ட பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லைக் கிராமங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. வளைகுடா வேலைக்குச் செல்பவருக்கு விமானம் ரத்தாவது ஒரு நாள் தொல்லையோடு முடிவதில்லை. இரவில் வாடகைக் கார் அமர்த்திய செலவு வீணாகிறது. விடுப்பு முடிந்து ஒரு நாள் பிந்தினாலும் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். விசாவின் காலம் முடியும் தறுவாயில் இருந்தால் வேலையே போய்விடலாம்.

பயணிக்கு உரிமை இல்லாமல் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2010-இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய விதிகளின்படி, விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ தரப்பட வேண்டும். உரிய காலத்தில் தகவல் தராமல் ரத்து செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது நஷ்ட ஈடாக உண்டு. நீண்ட தாமதத்துக்கு உணவும், இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் தங்க இடமும் தரப்பட வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவற்றின் நாட்டு விதிகள் பொருந்தலாம்.

ஆனால் இந்த விதிகளில் ஒரு நுட்பமான நிபந்தனை உண்டு. டிக்கெட் எடுக்கும்போது போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு நஷ்ட ஈடு கிடையாது. எல்லைக் கிராமத்துத் தொழிலாளி ஏமாறும் இடம் இதுதான். பெரும்பாலும் டிக்கெட்டை முகவர்தான் எடுக்கிறார். பல சமயங்களில் பயணியின் எண்ணுக்குப் பதிலாகத் தம் எண்ணையே பதிவு செய்துவிடுகிறார். ரத்துத் தகவல் முகவரின் கைபேசிக்குப் போகிறது. அவர் கடையை மூடிவிட்டு உறங்குகிறார். பயணியோ விமான நிலைய வாசலுக்கு வந்த பிறகே செய்தி அறிகிறார். நிறுவனம் "தகவல் அனுப்பிவிட்டோம்" என்று கணக்கை முடித்துவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. தவிர்க்க முடியாத காரணங்கள் என்று வெள்ளம், கலவரம் ஆகியவற்றோடு வேலைநிறுத்தத்தையும் தொழில் தகராறையும் விதிகள் சேர்த்துள்ளன. 2025 ஜூன் 23-ஆம் தேதி கத்தார் தன் வான்வெளியை மூடியபோது எந்த விமான நிறுவனத்தையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு நிறுவனம் தன் ஊழியர்களோடு கொண்ட பிணக்கு வெள்ளம் போன்றதன்று. ஊழியரின் குறையைக் கேட்டுத் தீர்ப்பது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதன் சுமையைப் பயணியின் தலையில் இறக்குவது நியாயமாகாது.

மத்திய அரசு இந்த விதிவிலக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பயணியின் சொந்த எண் இல்லாமல் டிக்கெட் வழங்கக்கூடாது என்று முகவர்களைக் கட்டுப்படுத்த வேண்டும். திருவனந்தபுரம் நிலையத்தில் பயணிகளின் உரிமைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க வேண்டும்.

அதுவரை பயணிகள் தாமே விழிப்பாக இருப்பது அவசியம். டிக்கெட் கைக்கு வந்ததும் அதில் தம் எண்ணோ வீட்டார் எண்ணோ பதிவாகியுள்ளதா என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கார் ஏறுமுன் விமான நிறுவனத்திடமே நேரத்தை விசாரிக்க வேண்டும். விசா முடியும் கடைசி நாளுக்குப் பயணத்தை வைக்கக்கூடாது. ரத்தானால், அதன் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முதலாளிக்குக் காட்டவும் முறையீடு செய்யவும் பத்திரப்படுத்த வேண்டும். முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டானாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. தர மறுத்தால் மத்திய அரசின் ஏர்சேவா தளமும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உள்ளன.

வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தில் டிக்கெட் வாங்குகிறவருக்கு, விமானம் பறக்குமா பறக்காதா என்பதை வீட்டை விட்டுக் கிளம்புமுன் அறியும் உரிமையாவது உறுதி செய்யப்பட வேண்டும். அதிகாரிகள் இதனைக் கவனிப்பார்களாக!