சிறிய பூங்கா, பெரிய உள்ளம்

குடும்பத்தோடு அயல்நாடு செல்வோர் பெரும்பாலும் புகழ்பெற்ற பெரிய கேளிக்கைப் பூங்காக்களையே நாடுகின்றனர். அங்கே வாயிலிலேயே தலைக்கு இவ்வளவு என்று கட்டணம்! எந்த இராட்டினத்திலும் ஏறாத பாட்டியும் அதைச் செலுத்தியாக வேண்டும். இது முறையா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், எலிஸ்பர்க் என்னும் சிற்றூருக்கு அருகே கனோபெல்ஸ் என்றொரு பூங்கா உண்டு. 1926-இல் தொடங்கிய அங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வண்டி நிறுத்தவும் காசு இல்லை. விளையாடுவோர் மட்டும் சீட்டு வாங்கினால் போதும். பேரன் குதிரை இராட்டினத்தில் சுற்ற, பாட்டி மரநிழலில் அமர்ந்து கண்டு களிக்கலாம்.

1947-இல் டெக்சாசில் கட்டப்பட்டுப் பின்னர் ஓய்ந்துபோன மர ரோலர் கோஸ்டரைப் பெயர்த்து வந்து, 1985-இல் 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில் ஓடவிட்டதும் இப்பூங்காவே. பழையதைப் பேணும் பண்பும் முதியோரை ஒதுக்காத பண்பும் வேறு வேறா?

நண்பர்களே! பூங்காவின் பெருமை பரப்பளவில் இல்லை. குடும்பத்தில் எவரையும் வாயிலில் நிறுத்திவிடாத உள்ளத்தில்தான் இருக்கிறது.