நடுவில் இருப்பவனின் அறிவு

நடுவில் இருப்பவன் அதிகம் அறிந்திருக்கலாகாது என்பது இணையத்தை வடிவமைத்தவர்களின் பழைய நம்பிக்கை. அறிவெல்லாம் இரு முனைகளிலுள்ள கணினிகளுக்கு. இடையிலிருக்கும் ரூட்டருக்குப் பொட்டலத்தின் மேலிருக்கும் முகவரியைப் படிக்கத் தெரிந்தால் போதும். சால்ட்ஸர், ரீட், கிளார்க் ஆகியோரின் 1984-ஆம் ஆண்டுக் கட்டுரை இந்நம்பிக்கைக்குத் தர்க்கபலம் அளித்தது.

தொண்ணூறுகளில் எதிர்க்குரல் எழுந்தது. எம்.ஐ.டி.யின் டென்னன்ஹவுஸும் வெதராலும் 1996-ல் முன்வைத்த யோசனைப்படி, ஒவ்வொரு பொட்டலமும் தன்னோடு ஒரு சிறு நிரலையும் சுமந்து செல்லும். வழியிலுள்ள கணுக்கள் அதை இயக்கும். யாரோ எழுதிய நிரலைத் தன் இயந்திரத்தில் ஓடவிட எந்த நிறுவனம் சம்மதிக்கும்? அது பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களோடு நின்றதில் வியப்பில்லை. எனினும் எனக்கு அதன்மீது இன்றும் பிரியம் உண்டு. கடிதம் எழுதுகிறவனே அஞ்சல் வழியையும் எழுதலாம் என்று சொன்ன திட்டம் அது.

2008-ல் ஸ்டான்ஃபோர்டின் நிக் மெக்கியோனும் சகாக்களும் ஓப்பன்ஃப்ளோவைக் கொண்டுவந்தார்கள். அதுவரை ஸ்விட்சை விற்றவரே அதன் மூளையையும் பூட்டி விற்றார். இவர்கள் மூளையைப் பெட்டிக்கு வெளியே எடுத்துவைத்தார்கள்: முடிவெடுப்பது தனி மென்பொருள், பொட்டலத்தைத் தள்ளுவது மட்டும் பெட்டி. பல்கலைக்கழக வளாகங்களில் ஆய்வாளர்கள் புதிய நெறிமுறைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன நோக்கம். விளைச்சலை அறுத்தவர்களோ வேறு. கூகிள் தன் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பை இம்முறையில் நடத்துவதை 2013-ல் விவரித்தது. இணைப்புகள் பலவற்றை ஏறத்தாழ முழுக் கொள்ளளவுக்கு நிரப்ப முடிகிறது என்றது. அதே ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுமரபில் பிறந்த நிசிரா நிறுவனத்தை 2012-ல் விஎம்வேர் சுமார் 126 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

சில்லையே நிரலால் வகுக்கலாம் என்ற நம்பிக்கையில் 2014-ல் பி4 மொழி வந்தது. அதற்கான டோஃபினோ சில்லைச் செய்த பேர்ஃபுட் நிறுவனத்தை இன்டெல் 2019-ல் வாங்கியது. 2023-ல் அச்சில்லின் மேல்வளர்ச்சியை நிறுத்திவிட்டது. அந்த மொழியில் வருடக்கணக்காக உழைத்தவர்களை ஒரு நிதிநிலை அறிவிப்பு கைவிட்டது.

வலையமைப்பு நிரலுக்கு வசப்பட்டது உண்மை. வசப்படுத்தும் உரிமைதான் பரவவில்லை. நடுவில் இருப்பவனுக்கு இப்போது அறிவு வந்துவிட்டது, ஆனால் அது அவனை வாங்கியவரின் அறிவு. லினக்ஸ் கருவுக்குள் ஈபிபிஎஃப் நிரல் எழுதி, என் மேசைக் கணினியில் பொட்டலங்களை நான் விரும்பியபடி திருப்ப முடிகிறது. வாசலில் இருக்கும் மோடத்தைத் தாண்டிய பின் அவை யாருடைய நிரலுக்குக் கீழ்ப்படிகின்றன என்று கேட்பதற்குக்கூட எனக்கு வழியில்லை.