எது செர்ரி?

திருச்சி பாலக்கரையில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்து கேக் வாங்குங்கள். அதன் உச்சியில் சிவப்பாக ஓர் உருண்டை இருக்கும். 'செர்ரி' என்பார்கள். பெரும்பாலும் அது நம் ஊர்க் களாக்காய்தான். விதை நீக்கி, சாயமிட்டு, சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது. வீட்டு வாசல்களில் நிற்கும் 'சிங்கப்பூர் செர்ரி'யும் செர்ரி இனமன்று. அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா!

அப்படியானால் நம் நாட்டில் இயல்பாக வளரும் செர்ரி கிடையாதா? உண்டு. இமயமலைச் சாரலிலும் மேகாலயாவின் காசி மலைகளிலும் தானே வளரும் காட்டுச் செர்ரி அது. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. விஞ்ஞானப் பெயர் புரூனஸ் செராசாய்டஸ். ஜப்பானியச் செர்ரி வசந்தத்தில் பூக்கும். இதுவோ குளிர் தொடங்கும்போது பூக்கும். நவம்பரில் ஷில்லாங் நகரம் இளஞ்சிவப்பாகிவிடும். 2016இல் அங்கே இந்தப் பூக்களுக்காகவே விழா தொடங்கினார்கள்.

கேக்கில் பெயர் மாறினால் நஷ்டம் ஒன்றுமில்லை என்பீர்கள். மருந்தில் மாறினால்? ஆயுர்வேத நூல்கள் 'பத்மகம்' என்று சொல்வது இந்தக் காட்டுச் செர்ரியை. ஆனால் கேரளத்தில் 'பதிமுகம்' என்று கொதிநீரில் போடும் சிவப்புக் கட்டை சப்பங்க மரத்தினுடையது. அது அவரைக் குடும்பத்து மரம். இரண்டிலும் உள்ள வேதிப் பொருள்கள் வேறு. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் பொருள் ஒன்றாகிவிடுமா?

நான் பௌதிகம் கற்பிப்பவன். முன்பு ஊருக்கு ஒரு படி இருந்தது; ஓர் ஊர்ப் படி நெல் இன்னோர் ஊரில் படியாகாது. கிலோகிராம் வந்த பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது. தாவரங்களுக்கு அத்தகைய பொது அளவுகோல்தான் லின்னேயஸ் 1753இல் நிலைநாட்டிய இருசொற் பெயர்.

இதனால் தமிழ்ப் பெயர்களைக் கைவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். களா என்ற சொல்லில் நம் காட்டின் புளிப்பும் முள்ளும் இருக்கின்றன. மேலே தமிழ்ப் பெயர், கீழே விஞ்ஞானப் பெயர் என இரண்டும் இருக்கட்டும். ஒவ்வொரு நாட்டு மருந்துப் பொட்டலத்திலும் இப்படி அச்சிட வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளியில் எத்தனை மரங்கள் இருக்கின்றன? தாவரவியல் ஆசிரியரிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இரு பெயர்களும் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆணி மட்டும் அடிக்காதீர்கள். மரத்துக்குக் காயம் வேண்டாம்.