கண்மாய்க் கரைக் கீரை யாருக்குச் சொந்தம்?

செட்டிநாட்டுச் சமையலுக்கு இன்று உலகமெல்லாம் கியாதி. காரைக்குடிப் பக்கத்துப் பழைய மாளிகைகள் பல ஓட்டல்களாகிவிட்டன. தலைவாழை இலை போட்டு, கறுப்புக் கவுனி அரிசியில் தேங்காயும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பரிமாறுகிறார்கள். வெளிநாட்டுக் கனவான்கள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும், அதில் நமக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்தப் பந்தியில் உண்டு எழுந்து, ஏப்பம் விட்டபடியே சில பெரிய மனிதர்கள் செய்கிற உபதேசம் இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். "கிராமத்து ஜனங்கள் பாரம்பரிய உணவை மறந்துவிட்டார்கள். ரேஷன் அரிசிக்கும் பரோட்டாவுக்கும் அடிமையாகிவிட்டார்கள். கீரையும் கிழங்கும் தின்ற காலத்தில் இத்தனை நோய் உண்டா?" என்கிறார்கள்.

மறந்துவிட்டார்களாம்! கல்லல் பக்கமோ காளையார்கோவில் பக்கமோ களை எடுக்கப் போகிற எந்தப் பெண்ணையாவது கேட்டுப் பாருங்கள். பண்ணைக் கீரை எது, குப்பைக் கீரை எது, மழை பெய்து எத்தனை நாளில் எது தலை காட்டும், பிரண்டையை எந்தப் பதத்தில் ஒடிக்க வேண்டும், மிதுக்கங்காயை எப்போது பறித்து உப்பும் மோரும் போட்டு வற்றலாக்க வேண்டும், அத்தனையும் சொல்வாள். கீரையை வேரோடு பிடுங்காமல் கொழுந்து கிள்ளத் தெரியும். கண்மாய் வற்றியதும் எந்த இடத்தில் தோண்டினால் கொட்டிக்கிழங்கும் அல்லிக்கிழங்கும் அகப்படும் என்று தெரியும். எந்தக் கல்லூரியும் கற்பிக்காத பாடம் இது. அறிவு அவளிடம் அப்படியே இருக்கிறது. அந்த அறிவைக் கொண்டுபோய்ப் பயன்படுத்த வேண்டிய இடம்தான் பறிபோய்விட்டது. பறித்தவர்கள் யார் என்று உபதேசிகள் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

முதலில் வயலுக்குள் போவோம். களை எடுப்பில் கூலி இரண்டு வகை. ஒன்று கையில் வாங்குகிற காசு. மற்றொன்று, சாயங்காலம் வீட்டுக்கு மடியில் கட்டிக்கொண்டு போகிற கீரை. மிராசுதார் கண்ணுக்கு எது களையோ, அது கூலிக்காரி வீட்டில் குழம்பு. இன்று என்ன நடக்கிறது? களைக்கொல்லி மருந்தை ஒரே ஆள் முதுகில் சுமந்து தெளித்துவிட்டுப் போகிறான். பத்துப் பெண்களுக்கு வேலை இல்லை. வரப்பில் நின்ற கீரை இரண்டு நாளில் கருகுகிறது. கூலியும் போயிற்று, குழம்பும் போயிற்று. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் 2015இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சேர்த்தது. அந்த மருந்து சம்பந்தமான அமெரிக்க வழக்குகளைத் தீர்க்க, ஆயிரம் கோடி டாலருக்கு மேல் தருவதாக 2020இல் பேயர் கம்பெனி அறிவித்தது. அங்கே வழக்குத் தொடுத்தவனுக்கு டாலர். இங்கே மருந்து தெளிக்கிற கூலியாளுக்கு ஒரு ஜோடி கையுறைகூடக் கிடையாது.

வயலை விட்டுப் புறம்போக்குக்கு வருவோம். காரைக்குடி என்ற பெயருக்கே இரண்டு விளக்கம் சொல்வார்கள். காரைச் சாந்து பூசிய வீடுகளால் வந்த பெயர் என்பது மாடி வீட்டு விளக்கம். காரை முள்செடி மண்டிக் கிடந்த பூமி என்பது ஆடு மேய்த்தவன் விளக்கம். எது சரியோ, காரைப்பழமும் இலந்தையும் சூரையும் பறித்துத் தின்ற குழந்தைகளுக்கு இரண்டாவதுதான் ருசிக்கும். அந்தத் தரிசுகளில் பெரும்பகுதியை இன்று ஆக்கிரமித்திருப்பது சீமைக் கருவேல். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்து விழுந்துகொண்டிருந்த 1877ஆம் ஆண்டில்தான் வெள்ளைக்கார சர்க்காரின் வனத்துறை இந்த மரத்தின் விதையைச் சென்னை ராஜதானிக்கு வரவழைத்து, கடப்பைப் பக்கத்தில் ஊன்றியது. எதற்காக? விறகுக்காக! பிறகு வந்த நம் சர்க்காரும் வறட்சி மாவட்டங்களில் அதையே பரப்பியது. இன்று கண்மாய் உள்வாயெல்லாம் முள். கிழங்கு தோண்ட இறங்கக் கால் வைக்க இடமில்லை.

2017இல் மதுரை ஐக்கோர்ட்டுக் கிளை இதை வெட்டச் சொன்னது. பிறகு இடைக்காலத் தடை வந்தது. 2022இல் மாநில சர்க்கார் அந்நியக் களைத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. கொள்கை நல்லதுதான். ஆனால் ஏலம் எடுக்கிறவர்கள் மேலே வெட்டிக் காசாக்கிவிட்டுத் தூரை மண்ணில் விட்டுப் போனால், அடுத்த மழைக்கு அது இரண்டு மடங்காகத் தழைக்கும். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கரி மூட்டம் போட்டு வயிறு கழுவுகிற தொழிலாளி நமக்கு எதிரி அல்ல. மரம் போனால் அவனுக்கு என்ன வேலை என்று பதில் சொல்லாமல் மரத்தை மட்டும் வெட்டுகிற திட்டம் பாதித் திட்டம்தான்.

தைல மரத்தின் கதையும் இதேதான். 1974இல் அரசு வனத் தோட்டக் கழகம் அமைந்தது. காகித ஆலைக்குக் கூழ் மரம் வேண்டும் என்று புதுக்கோட்டையிலும் சிவகங்கைச் சீமையிலும் காட்டு நிலங்களில் தைல மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். களாவும் ஈச்சையும் நின்ற இடத்தில் இப்போது ஆலைக்குத் தீனி நிற்கிறது. ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

இப்போது ரேஷன் அரிசிக்கு வருவோம். ரேஷனைக் குறை சொல்லும் சீமான்களோடு நமக்கு உடன்பாடு கிடையாது. ரேஷன் கடை போராடிப் பெற்றது. நம் பாட்டிமார் கொட்டிக்கிழங்கு தின்றது பாரம்பரியப் பெருமைக்காக அல்ல, அரிசி இல்லாததற்காக. பஞ்சத்தில் தின்றதைப் பந்தியில் வைத்துப் புகழ்கிறவன் பஞ்சத்தை அறியாதவன். நாம் கேட்பது அரிசியும் வேண்டும், கீரையும் வேண்டும் என்பதுதான். சர்க்கார் என்ன செய்கிறது? தவிட்டை நீக்கி அரிசியை வெளுக்க வைக்கிறார்கள். சத்துப் போயிற்று என்று கண்டுபிடிக்கிறார்கள். பிறகு இரும்புச்சத்துத் தூள் கலந்த செயற்கை மணியை ஆலைகளில் செய்து அதே அரிசியில் கலக்கிறார்கள். 2021 ஆகஸ்டு 15இல் பிரதமர் செங்கோட்டையில் நின்று அறிவித்த திட்டம் இது. கம்பெனிக்கு ஆர்டர் கிடைத்தது. கரையில் காசில்லாமல் முளைத்த கீரைக்கு எந்தச் செங்கோட்டையிலும் பேச்சு இல்லை. 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்றார்கள், வரகுக்கும் சாமைக்கும் 'ஸ்ரீ அன்னா' என்று நாமகரணம் செய்தார்கள். பேர் வைத்தால் போதுமா? விளைவிக்கிற புஞ்சைக்காரனுக்குக் கட்டுபடியான விலையும், கூலிக்காரன் வாங்கக்கூடிய விலையில் ரேஷன் கடையில் வரகும் எங்கே?

கவுனி அரிசியின் வரலாற்றையும் கொஞ்சம் பேசலாம். பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள். லேவாதேவிக்குப் போன இடம் அது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார் கைகளில் இருந்தது. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனுக்கு நிலம் போய், 1938இல் அது 25 சதவீதமாயிற்று. அந்த இனிப்பின் கறுப்பில் பர்மியக் குடியானவனின் கண்ணீரும் கலந்திருக்கிறது. ஓட்டல் விளம்பரத்தில் இதைப் போட மாட்டார்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்கும் தோழருக்கு ஒரு வார்த்தை. காளையார்கோவிலில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலை 2020 மார்ச் ஊரடங்கில் நின்றபோது, தறியும் ராட்டினமும் சோறு போடவில்லை. கூலி நின்ற வீட்டுக்கு ரேஷன் அரிசி உண்டு, தொட்டுக்கொள்ள என்ன உண்டு? மில்லில் நிற்பவனின் தங்கைதான் வயலில் களை எடுக்கிறாள். கண்மாய்க் கரை இருவருக்கும் பொதுச் சொத்து.

2002ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு குழு அமைக்க வேண்டும், ஊரில் உள்ள செடி கொடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் மக்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். 2023இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மீறுகிறவர்களுக்குச் சிறைத் தண்டனையை எடுத்து அபராதமாக்கிவிட்டார்கள். எஞ்சியிருப்பதையாவது பிடித்துக்கொள்வோம். வருகிற மே 1 கிராம சபையில் விவசாயத் தொழிலாளிப் பெண்கள் தீர்மானம் கொடுக்க வேண்டும். பதிவேட்டை எழுத உட்காருகிறவர்களில் பாதிப் பேராவது களை எடுக்கிற பெண்களாக இருக்க வேண்டும். கண்மாய்க் கரையிலும் வரத்துக்காலிலும் களைக்கொல்லி தெளிக்கக் கூடாது. சீமைக் கருவேலைத் தூரோடு எடுக்கும் வேலை, ஏலதாரருக்கு அல்லாமல் உள்ளூர் ஆட்களுக்கு முழுக் கூலியுடன் தரப்பட வேண்டும். கீரை, கிழங்கு, பனம்பழம் பொறுக்கப் புறம்போக்கில் நுழைகிறவர்களை யாரும் தடுக்கக் கூடாது என்று எழுத்தில் வர வேண்டும். "கீரைக்கெல்லாம் ஒரு தீர்மானமா?" என்று தலைவர் சிரித்தால், ஓலைக் கொட்டானில் கொண்டுபோன கீரையை மேஜைமேல் கொட்டி, ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.