பிஸ்டன் மாத்தப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

கடலூர்ல இருந்து சிதம்பரத்துக்குக் காலையில பஸ்ல போற ஆளா நீங்க? அப்ப அந்த விசில் சத்தம் உங்களுக்கு நல்லாவே தெரியும். கண்டக்டர் விசில் இல்லீங்க. ஆலப்பாக்கம் தாண்டி டிரைவர் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் பக்கத்துல இருந்து மெல்லிசா 'உய்ய்ய்'னு கிளம்புமே, அது. அதுதான் டர்போ. புகையோட வேகத்துல ஒரு குட்டி விசிறி சுத்தி, அதே அச்சுல இருக்கற இன்னொரு விசிறி காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. புதுச்சத்திரம் வர்றதுக்குள்ள பாதிப் பேர் தூங்கிடுவாங்க. மெக்கானிக்கல் பசங்க மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கனவு காணுவாங்க.

அப்படிக் கனவு கண்ட ஒருத்தர்தான் இந்த வாரம் லெட்டர் போட்டிருக்கார். சிதம்பரத்துல மூணாம் வருஷம் மெக்கானிக்கல். நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய மாருதி 800 வாங்கியிருக்காங்களாம். அதுல டர்போ வைக்கப் போறாங்களாம். "அண்ணா, ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டாத்தான் தாங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. வாங்கினா எங்க நாலு பேர் காசும் அதுக்கே சரியாப் போயிடும். வாங்கலாமா, வேண்டாமா?"

தம்பி, உடனே 'வாங்கு', 'வாங்காதே'ன்னு சொல்லிட்டு நான் நழுவிடலாம். ஆனா ஒரு ஷெட்டுல நானும் இதே கேள்வியோட உட்கார்ந்திருந்தவன். அந்தக் கதையைச் சொல்லாம பதில் சொன்னா அது நியாயமா இருக்காது.

கடலூர் புதுநகர்ல என் நண்பன் வீட்டுப் பின்னாடி ஒரு தகரக் கொட்டகை. அதே மாதிரி ஒரு 800. எங்கேயோ கிடைச்ச பழைய டர்போ. காசு, அவங்க அம்மா கட்டின சீட்டுப் பணம். 'கம்ப்ரஷன் குறைக்கணும், ரெண்டு ஹெட் கேஸ்கெட் சேர்த்துப் போட்டா ஆச்சு'ன்னு ஒரு அண்ணன் சொன்னார். போட்டோம். முதல் நாள் வண்டி பறந்துச்சு. ரெண்டாவது நாளும் பறந்துச்சு. உள்ள ஸ்பீக்கர்ல பாட்டு வேற அலறிக்கிட்டு இருந்ததால, இன்ஜின் 'டிக் டிக்'னு தட்டுனது யார் காதுலயும் விழலை. மூணாவது நாள் ஆயில் டிப்ஸ்டிக் குழாய் வழியா புகை! கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணினா, மூணாவது சிலிண்டர்ல மத்த ரெண்டுல பாதிகூட இல்லை. ஹெட்டைக் கழட்டி பிஸ்டனை உருவினா, மேல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்கற விளிம்பு, அதாங்க ரிங் லேண்ட், பிஸ்கட் மாதிரி உடைஞ்சிருந்துச்சு.

நாங்க என்ன பண்ணினோம்? 'பிஸ்டன் வீக்'னு முடிவு கட்டினோம். கடன் வாங்கி ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டோம். வேற எதையும் மாத்தலை. பிஸ்டன் தாங்குச்சு. ஆனா ஹெட் கேஸ்கெட் போச்சு, பேரிங் அடி வாங்குச்சு. பிஸ்டன் எங்களுக்கு வியாதியைக் காட்டிக்கொடுத்துச்சு. நாங்க என்னடான்னா வியாதியை விட்டுட்டு, காட்டிக்கொடுத்தவனை வீட்டை விட்டு அனுப்பிட்டோம்!

அந்த வியாதிக்குப் பேர் நாக்கிங். ப்ளக்கோட பொறியில ஆரம்பிச்ச நெருப்பு வரிசையாப் பரவாம, மூலையில மிச்சம் இருக்கற பெட்ரோல்-காத்துக் கலவை சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானாவே ஒட்டுமொத்தமா வெடிக்கறது. சுத்தியலால அடிக்கற மாதிரி. டர்போ வச்சா இது ஏன் ஜாஸ்தி ஆகுது? ஒரு சின்ன கணக்கு பாருங்க. மே மாசக் கடலூர் வெயில், வெளிக்காத்து 35 டிகிரி. அதை 0.5 பார் பூஸ்ட்டுக்கு அமுக்கினா, சுமாரான ஒரு டர்போவுல இருந்து வெளியே வர்ற காத்து கிட்டத்தட்ட 90 டிகிரி இருக்கும்! சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்ப் அடிப்பக்கம் சுடுமே, அதே சமாச்சாரம்தான். அந்தச் சூட்டுக் காத்தை இன்டர்கூலர் இல்லாம நேரா உள்ள விட்டா, எந்த பிஸ்டனைப் போட்டாலும் தலைவலிதான்.

சரி, பிஸ்டனுக்கு வருவோம். கம்பெனி வண்டியில வர்றது பெரும்பாலும் காஸ்ட் பிஸ்டன். அலுமினியத்தை உருக்கி அச்சுல ஊத்துறது. கலவையில சிலிக்கான் நிறைய இருக்கறதால சூட்டுல அதிகம் விரியாது. அதனால சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி ரொம்பக் கம்மியா வைக்கலாம். சத்தம் இருக்காது, ஆயில் குடிக்காது, லட்சம் கிலோமீட்டர் ஓடும். குறை என்னன்னா, சுத்தியல் அடி விழுந்தா வளையாது, நேரா உடையும். காஸ்ட்டுன்னா மட்டம்னு நினைச்சுடாதீங்க. நம்ம சென்னை செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனி 1949-லயே ஆரம்பிச்சாச்சு. பிஸ்டன் செய்யறது இந்த ஊருக்குப் புதுக் கலை கிடையாது.

ஃபோர்ஜ்டுங்கறது அலுமினியக் கட்டியைச் சூடாக்கி, பெரிய பிரஸ்ல அமுக்கி உருவாக்குறது. இதுல ரெண்டு ஜாதி. 4032-ங்கற கலவையில சிலிக்கான் சுமார் 12 சதவீதம். கம்மியா விரியும், தெருவுல தினசரி ஓட்டுற வண்டிக்கும் ஒத்து வரும். 2618-ல சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அடி விழுந்தா நெளிஞ்சு கொடுக்கும், சட்டுன்னு உடையாது. ரேஸ்காரங்களுக்குப் பிடிச்சது இதுதான். ஆனா நல்லா விரியும். அதனால சுவர் இடைவெளி காஸ்ட்டுக்கு வைக்கறதைவிட ரெண்டு மடங்கு வரைக்கும், சில சமயம் அதுக்கு மேலயும் வேணும். காலையில ஸ்டார்ட் பண்ணினா சூடாகுற வரைக்கும் 'கடகட'ன்னு பால்காரர் கேன் மாதிரி சத்தம் வரும். பயந்துடாதீங்க, அது அதோட சுபாவம்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். லேத் பட்டறையில முதல்ல போரிங் போட்டுட்டு அப்புறம் பிஸ்டன் தேடாதீங்க. பிஸ்டனைக் கையில வாங்குங்க, அதோட வர்ற சீட்டுல என்ன இடைவெளி போட்டிருக்குன்னு பாருங்க, அதைப் பட்டறைக்காரர்கிட்ட காட்டி அதுக்கேத்த மாதிரி போரிங், ஹானிங் பண்ணச் சொல்லுங்க. 'தம்பி, முப்பது வருஷமா பண்றேன், எனக்குத் தெரியும்'னு சொல்வார். அவருக்குத் தெரிஞ்சது காஸ்ட் பிஸ்டன் இடைவெளி. பணிவா மறுபடியும் சீட்டைக் காட்டுங்க.

அடுத்தது ரிங் இடைவெளி. நிறையப் பேர் கோட்டை விடறது இங்கதான். டர்போ சூட்டுல ரிங் விரிஞ்சு ரெண்டு முனையும் முட்டிக்கிச்சுன்னா, பிஸ்டன் தலையையே பிய்ச்சு எடுத்துடும். சாதா இன்ஜினுக்கு ஒரு அங்குல போருக்கு 4 தௌ, டர்போவுக்கு 5-ல இருந்து 6 தௌங்கறது பொதுவான கணக்கு. நம்ம 800-ன் போர் 68.5 மில்லிமீட்டர். அப்படின்னா சாதாவுக்கு 0.27 மில்லிமீட்டர் பக்கம், டர்போவுக்கு 0.34-ல இருந்து 0.41 வரைக்கும். ரிங் கம்பெனி வேற அளவு சொன்னா அதுதான் வேதம்.

கம்ப்ரஷன் விஷயத்துக்கு வாங்க. 796 சிசி, மூணு சிலிண்டர், அப்ப ஒண்ணுக்கு 265 சிசி. இப்ப 9:1 இருக்குன்னு கணக்குக்கு வச்சுக்குவோம். பிஸ்டன் மேலே வந்து நிக்கும்போது மிச்ச இடம் 33 சிசி. அதை 8:1 ஆக்கணும்னா 38 சிசி வேணும். வித்தியாசம் அஞ்சு சிசிகூட இல்லை. ஒரு டீஸ்பூன்! அந்த ஒரு டீஸ்பூன் பள்ளத்தை பிஸ்டன் தலையில நடுவுல எடுக்கணும். அதுக்குப் பேர் டிஷ். நாங்க பண்ணின மாதிரி ரெண்டு கேஸ்கெட் வச்சு ஹெட்டையே தூக்கினா, ஓரத்துல பிஸ்டனும் ஹெட்டும் ஒட்டி வந்து கலவையை நடுவுக்குத் தள்ளுற வேலை கெட்டுப் போகும். கம்ப்ரஷன் குறையும், ஆனா நாக்கிங் குறையாது. ரெண்டும் கெட்டான்!

ஹெட் பக்கத்துக் குழியோட அளவு தெரியணுமா? மெடிக்கல் ஷாப்புல பெரிய சிரிஞ்ச் ஒண்ணு, கண்ணாடி மாதிரி ஒரு அக்ரிலிக் தகடு, கொஞ்சம் மண்ணெண்ணெய். ஹெட்டைக் கவுத்து வச்சு நிரப்பிப் பார்த்தா போதும். பிஸ்டன் எடை மூணும் ஒரு கிராமுக்குள்ள ஒத்துப் போகுதான்னு பார்க்க நகைக்கடைத் தராசைவிட நல்ல தராசு உண்டா? சிதம்பரம் மேல வீதியில எந்தக் கடையிலயும் கேளுங்க. 'இது என்ன தங்கமா'ன்னு சிரிச்சுட்டு நிறுத்துக் கொடுப்பாங்க.

எவ்வளவு குறைக்கறது? மிட்சுபிஷி லான்ஸர் எவோல்யூஷனோட 4ஜி63 டர்போ இன்ஜின் 8.8:1. டொயோட்டா சூப்ராவோட 2ஜேஇசட் டர்போ 8.5:1. ஆனா நம்ம மறைமலைநகர்ல செஞ்சு 2013-ல வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டோட ஒரு லிட்டர் டர்போ 10:1! எப்படி? பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள தெளிச்சுக் குளிர வைக்கறாங்க, கம்ப்யூட்டர் நாக்கிங்கைக் கேட்டுக் கேட்டு ஸ்பார்க்கைப் பின்னாடி தள்ளுது. உங்ககிட்ட அந்த மூளை இல்லைன்னா பழைய ஆளுங்க நம்பரே மேல். ரொம்பவும் இறக்கிடாதீங்க, பூஸ்ட் வர்றதுக்கு முன்னாடி வண்டி மாட்டு வண்டி ஆயிடும்.

இன்னொரு ஆறுதல். இதே 800 இன்ஜினோட ஜப்பான் ஒண்ணுவிட்ட அண்ணன்ல, வெறும் 543 சிசியில டர்போ வச்சு 1987-லயே சுஸூகி 64 குதிரைத் திறன் எடுத்துச்சு. ஆல்டோ வொர்க்ஸ்னு பேர். நம்ம ஊர் 800 அப்ப 40-க்கும் கீழ. அதனால யாராவது 'மாருதியில டர்போவா'ன்னு சிரிச்சா, நீங்களும் சிரிச்சுக்குங்க.

இப்ப தம்பியோட கேள்விக்கு. உங்க லெட்டர்ல எத்தனை பூஸ்ட்னு நீங்க சொல்லவே இல்லை. 0.3, 0.4 பார்தான்னா, இப்ப இருக்கற பிஸ்டன் நல்ல நிலைமையில இருந்தா ஃபோர்ஜ்டு வாங்காதீங்க. அந்தக் காசுல இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், ட்யூன் பண்ற ஈசியு, ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் வாங்குங்க. பூஸ்ட் ஏறும்போது காத்து-பெட்ரோல் விகிதம் 12-க்குப் பக்கத்துல நிக்குதான்னு கண்ணால பார்க்கணும். பங்க்ல சாதா பெட்ரோல் போடறீங்களா, ப்ரீமியமான்னு முடிவு பண்ணிட்டு அதுக்கே ட்யூன் பண்ணுங்க. இப்ப வர்றது 20 சதவீத எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் ஹோஸையும் மாத்திடுங்க. பாட்டையும் ஆஃப் பண்ணிடுங்க! 0.7, 0.8-ன்னு ஆசை இருந்தா மட்டும் 4032 பிஸ்டன். அப்பவும் மேலே சொன்ன லிஸ்ட் முடிஞ்ச பிறகுதான்.

ஒரு கண்டிஷன். இந்த வண்டியை பி.முட்லூர் ரோட்டுல பஸ்ஸோட ரேஸ் விடற எண்ணம் இருந்தா, நான் இதுல இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு, கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில சொல்லியாச்சு. ப்ராஜெக்ட்னா இன்ஜினைக் கழட்டி லேப் டைனமோமீட்டர்ல கட்டுங்க. அளக்கறதுக்கு ரோட்டைவிட அதுதான் வசதி. ஓட்டியே ஆகணும்னா ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகள் இருக்கு. அங்க 710 சிசிக்குள்ள இன்ஜின், காத்து போறதுக்கு 20 மில்லிமீட்டர் ஓட்டை மட்டும். அந்த ஓட்டை வழியா நொடிக்கு 70 கிராம் சொச்சம்தான் காத்து போகும், எவ்வளவு பெரிய டர்போ வச்சாலும். அப்ப அங்க டர்போ எதுக்கு, பிஸ்டனை எப்படித் தேர்ந்தெடுக்கறதுங்கறது தனிக் கூத்து.

தம்பி, முதல்ல அந்தப் பழைய இன்ஜின்ல மூணு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணி நம்பரை எழுதி அனுப்புங்க. மூணு ப்ளக்கோட ஃபோட்டோவும் வேணும், துடைக்காம! அதைப் பார்த்துட்டு அடுத்த வாரம் பேசலாம்.