விசாரிக்கப்படாத சாட்சி

அரசியற் பத்திரிகையிலே சத்திரசிகிச்சைக்கு என்ன வேலை என்று முகஞ் சுளிப்போர் இருக்கக்கூடும். பெண்களின் மார்பைப் பற்றிப் பொதுவிடத்திற் பேசுவது பண்பாகுமா என்று கேட்போரும் இருப்பர். அவர்களுக்கு நாம் கூறும் விடை சுருக்கமானது. இலங்கையிற் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றே முதலிடம் வகிக்கின்றது. நம் தாய்க்கும் மனைவிக்கும் மகளுக்கும் வரக்கூடிய நோயைப் பேசுவதற்கு நாணுவது பண்பன்று, கோழைத்தனம். மேலும், ஒருவரது உடலைப் பற்றித் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியினுள் சட்டமும் காசும் மொழியும் அதிகாரமும் அடங்கியிருக்கின்றன. இதைவிட அரசியற் கேள்வி வேறு எது?

மார்பகத்தை அகற்றிய பின் அதனை மீளமைத்துக் கொள்வதற்கு உரிமை உண்டென்று சட்டமே இயற்றிய நாடு அமெரிக்கா. எம்முறை பெண்களுக்குத் திருப்தி அளிக்கின்றது என்று பெருமளவில் ஆராய்ந்த நாடும் அதுவே. ஆகவே அந்நாட்டையே எடுத்துக்கொள்வோம்.

அங்கே பெண்ணின் முன் உள்ள வழிகள் பிரதானமாக மூன்று. முதலாவது, சிலிக்கோன் அல்லது உப்புநீர் நிறைந்த பையை உள்ளே வைத்தல். பெரும்பாலும் இதற்கு முன் விரிபை ஒன்றைப் புகுத்தி, வாரக்கணக்காக உப்புநீர் ஏற்றித் தோலை விரிக்கின்றனர். இரண்டாவது, அவளது சொந்தத் திசுவைக் கொண்டே புதிய மார்பு அமைத்தல். அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் எடுத்து, நுணுக்குக்காட்டியின் துணையோடு அவற்றின் இரத்தக் குழாய்களை மார்பிலுள்ள குழாய்களுடன் பொருத்துவர். முன்னைய முறையில் வயிற்றுத் தசையும் கூடவே பறிபோயிற்று. 1990ஆம் ஆண்டுகளிலே வளர்ச்சி பெற்ற ‘டீப்’ என்னும் முறை தசையை விட்டுவைக்கின்றது. மூன்றாவது வழி, எதனையும் வைக்காது நெஞ்சைச் சமதளமாகத் தைத்து மூடிவிடுதல். இதனை ஒரு வழியென்றே கணக்கில் எடாத சத்திரவைத்தியர் உளர். அவர்களிடம் பின்னர் வருவோம்.

இவற்றின் வெற்றி தோல்வியை நெடுங்காலமாக அளந்தவர் யார்? கத்தி பிடித்தவரே! புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இருபுறமும் ஒத்திருக்கின்றனவா, வடு தெரிகின்றதா என்று பார்த்து, ‘முடிவு நன்று’ என்று எழுதினார்கள். விபத்து வழக்குகளிலே இக்கூத்தை நாம் நாளும் காண்கின்றோம். எலும்பு பொருந்திவிட்டது, பூரண குணம் என்று வைத்திய அறிக்கை கூறும். அறிக்கைக்கு உரியவரோ சாட்சிக் கூண்டின் கைப்பிடியைப் பற்றி ஏற இயலாமல் நிற்பார். எலும்பைப் பற்றி வைத்தியர் சொன்னது மெய்யே. கையைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் கைக்குரியவர் அல்லவா?

2009ஆம் ஆண்டிலேதான் இந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றும் முயற்சி ஒழுங்காகத் தொடங்கிற்று. அன்ட்ரியா பூசிக் முதலானோர் ‘பிரெஸ்ட் கியூ’ எனும் வினாக்கொத்தை வெளியிட்டனர். உடுப்பு உடுத்தி நிற்கையில் எப்படி இருக்கின்றது, உடுப்பின்றி எப்படி, நோகின்றதா, கணவனோடு கூடும்போது மனங் கூசுகின்றதா என்று பெண்ணிடமே கேட்டு, 100 புள்ளிக்குக் கணக்கிடும் கருவி அது. அதனைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 நிலையங்களிலே பெண்களைப் பின்தொடர்ந்தனர். 2018இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் 2,000க்கு மேற்பட்ட பெண்களுள், சொந்தத் திசுவால் மார்பு அமைத்துக்கொண்டோர் பை வைத்துக்கொண்டோரைவிட ஏறத்தாழ 8 புள்ளிகள் கூடுதலாகத் தம் மார்பைப் பற்றித் திருப்தி தெரிவித்தனர். மனநலத்திலும் தாம்பத்திய வாழ்விலும் அவர்களே மேலாக இருந்தனர்.

உடனே, சொந்தத் திசுவே சிறந்தது, எல்லோருக்கும் அதையே செய்க என்று தீர்ப்பெழுதுவாருக்கு ஒரு வார்த்தை. அதே சாட்சியின் மறுபகுதியையும் வாசியுங்கள். சொந்தத் திசு முறையினருக்குச் சிக்கல்கள் அதிகம் நேர்ந்தன. வயிற்றின் வலுவும் சுகமும் முன்போல் மீளவில்லை. எல்லா முறையினரையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகளுள் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. எவரும் சீட்டுக் குலுக்கி இம்முறைகளைப் பெறவில்லை. அவரவர் உடலுக்கும் விருப்பத்துக்கும் ஏற்பத் தெரிந்துகொண்டனர். எட்டுப் புள்ளி என்பது ஒரு கூட்டத்தின் சராசரி. குழந்தையைத் தூக்கி வேலைக்குப் போகவேண்டிய ஒரு தாய்க்கு அந்த எட்டுப் புள்ளி வேண்டுமா, வயிறு வேண்டுமா என்பதை அவளையன்றி வேறெவர் அறிவர்?

அறிந்து தெரிந்தாளா என்பதுதான் வினா. அமெரிக்கப் பல்கலைக்கழக வைத்தியசாலை ஒன்றிலே நடந்து 2017இல் வெளியான ஆய்வில், போதிய விபரம் அறிந்து, தன் விருப்பத்துக்கு இசைந்த முடிவை எடுத்த பெண்கள் பாதிக்கும் குறைவு. மற்றையோர் கையொப்பம் வைத்தார்கள், அவ்வளவே.

சட்டத்தைப் பார்ப்போம். 1998 ஒக்ரோபரிலே பெண்கள் சுகாதார, புற்றுநோய் உரிமைச் சட்டம் நிறைவேறிற்று. மார்பகம் அகற்றும் செலவை ஏற்கும் காப்புறுதித் திட்டம், மீளமைப்பின் எல்லாக் கட்டங்களுக்கும், மறு மார்பைச் சமப்படுத்துவதற்கும், செயற்கை மார்புக்கும், பின்விளைவுகளுக்கும் பணம் செலுத்த வேண்டும் என்பது அதன் விதி. அதனினும் மேலானது அதிலுள்ள ஒரு வாசகம்: எவ்விதம் செய்வதென்பது வைத்தியரும் நோயாளியும் கலந்து தீர்மானிக்க வேண்டியது. காப்புறுதிக் கொம்பனிக்கு அந்த அறையிலே நாற்காலி போடப்படவில்லை!

நாற்காலி இல்லாவிட்டால் என்ன, சாவித் துவாரம் இருக்கின்றதே. அமெரிக்காவில் வைத்தியருக்குப் பணம் செலுத்துவது குறியீடுகளின்படி. நுணுக்கமும் நீண்ட நேரமும் வேண்டிய ‘டீப்’ சத்திரசிகிச்சைக்கு ‘எஸ் 2068’ என்ற தனிக் குறியீடு இருந்தது. அதனை 2024 முடிவோடு நீக்கி, வேறு திசு மாற்று முறைகளோடு ஒரே பொதுக் குறியீட்டுள் அடக்குவதென்று மெடிக்கேயர், மெடிக்கெய்ட் சேவைகள் மையம் தீர்மானித்தது. பொதுக் குறியீட்டுக்குக் கிடைக்கும் தொகை மிகக் குறைவு. நாள் வருமுன்பே சில கொம்பனிகள் குறைக்கப் புறப்பட்டன. இனிக் காப்புறுதியை ஏற்பது இயலாது, காசு கட்டக்கூடியவர்க்கே செய்வோம் என்று சத்திரவைத்தியர்கள் எச்சரித்தனர். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. காங்கிரஸ் சபை கூடவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்துவிட்டால் உரிமை தானே பட்டுப்போகும் என்ற தந்திரம் இது. உரிமைகளைப் பறிப்போர் சட்டத்தைத் திருத்தியே பறிப்பர் என்று எண்ணியிருக்கும் நம்மவர் இதனை ஊன்றிக் கவனிப்பாராக.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. தழும்போடும் தலைமயிர் உதிர்ந்தும் கிளர்ந்தெழுந்தனர், சட்டசபையினரைப் பிடித்தனர். 2023 ஓகத்து மாதத்தில் அம்மையம் தன் தீர்மானத்தைக் கைவிட்டு, குறியீடு தொடரும் என்று அறிவித்தது. வெற்றிதான். எனினும் நிருவாகத்தின் ஒரு கடிதத்தால் போகவிருந்து, இன்னொரு கடிதத்தால் நிலைத்த உரிமையை முழு உரிமை என்று கொண்டாட எமக்கு மனம் வரவில்லை. காப்புறுதியே இல்லாத ஏழைப் பெண்ணுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் அன்றும் எதையும் தரவில்லை என்பதையும் சொல்லாதிருக்க இயலாது.

மொழியின் கதை இன்னொன்று. லொஸ் ஏஞ்சல்சிலும் டெட்ராயிட்டிலும் நடந்து 2009இல் வெளியான ஆய்வைக் காண்க. மீளமைப்புச் செய்துகொண்டோர் வெள்ளைப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேர். ஆங்கில வாழ்வோடு கலந்த இலத்தீன் அமெரிக்கப் பெண்களும் அதே அளவினர். ஸ்பானிய மொழியோடே வாழ்ந்த இலத்தீன் அமெரிக்கப் பெண்களோ நூற்றுக்கு 14 பேருங்கூட இல்லை. இனம் ஒன்று, நோய் ஒன்று, ஊரும் ஒன்று! தனக்கு விளங்காத மொழியில் வந்த படிவத்தைப் பிடித்துக்கொண்டு கந்தோர் வாசலில் நிற்பது என்னவென்று இப்பத்திரிகையின் வாசகருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, ஒன்றும் வேண்டாம் என்ற பெண்ணிடம் வருவோம். அவளை ஊக்கமிழந்தவள், பின்னர் மனம் மாறுவாள் என்று கருதுவோர் பலர். 2021இல் வெளியான கலிபோர்னியா ஆய்வொன்றிலே, தாமாக முன்வந்து விடையளித்த 931 பெண்களுள் ஏறத்தாழ முக்காற் பங்கினர் சமதள நெஞ்சோடு திருப்தியாகவே இருந்தனர். ஆனால் நூற்றுக்கு 22 பேர் சத்திரவைத்தியரின் எதிர்ப்பைச் சந்தித்தவர்கள். சிலருக்கு அவ்வழி உண்டென்றே சொல்லப்படவில்லை. சிலரிடமோ, வேண்டாமென்று அவர்கள் சொல்லியும், பின்னர் மாறுவாள் என்று எண்ணித் தோலை வேண்டுமென்றே மிகுதியாக விட்டுத் தைத்துவிட்டனர்!

வாசகர் இவ்விடத்திற் சற்றுத் தரிக்க வேண்டும். மயக்க மருந்தின் கீழ்க் கிடக்கும் ஒருத்தியின் உடலில், அவள் மறுத்த ஒன்றை, அவள் நன்மைக்கென்றே செய்தாலும், சட்டம் அதற்கு இட்ட பெயர் சிகிச்சை அன்று. உடல் மீது செய்யப்பட்ட அத்துமீறல் என்பதே பெயர். நியூயோர்க்கின் மேன்முறையீட்டு மன்றிலே நீதியரசர் கார்டோசோ இதனை 1914இலேயே நிலைநாட்டிவிட்டார். பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2015இலே மொண்ட்கொமெரி வழக்கிலே இன்னும் ஒரு படி சென்றது: எதைச் சொல்வதென்பது வைத்தியர் குழாத்தின் வழக்கத்தால் தீர்வதன்று, அந்நோயாளியின் நிலையில் உள்ளவர் எதனை முக்கியமெனக் கொள்வாரோ அதனைச் சொல்ல வேண்டும், மாற்று வழிகளையும் சொல்ல வேண்டும். சமதள நெஞ்சு ஒரு மாற்று வழி. அதனைச் சொல்லாது பெற்ற கையொப்பம் எத்தகையது என்று கற்றறிந்த நம் தொழில் நண்பர்களே கூறட்டும்.

முதற் சிலிக்கோன் மார்பு 1962இல் ஹூஸ்டனிலே வைக்கப்பட்டது. ஆபத்துக்களைப் பட்டியலிட்டு, பெண் ஒவ்வொன்றையும் வாசித்துக் கையொப்பமிட வாய்ப்பளிக்கும் படிவத்தை அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் விதித்தது 2021 ஒக்ரோபரில். இடையிலே 59 ஆண்டுகள்! அந்நிருவாகத்தின் அதிகாரம் பைகள் மீதானது. வயிற்றை வெட்டுவதற்கும் ஒன்றும் வேண்டாம் என்பதற்கும் அதனால் படிவம் எழுத முடியாது. அதை எழுத வேண்டியவை வைத்தியசாலைகள். மூன்று வழிகளும் ஒரே தாளில், அப்பெண்ணின் மொழியில், சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்குமுன் அவள் கைக்கு வரவேண்டும். இரண்டு ஆண்டுகள் கழிந்து, வெட்டியவர் அல்லாத இன்னொருவர் அவளைக் கண்டு கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே பதிய வேண்டும். அப்பதிவேட்டைத் திறந்து காட்டும் வைத்தியசாலையின் புகழுரையை வாசிக்க நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.